கண்டல் வேலி தேடி: கொழும்பில் ஐந்து நாள்

முதல் நாள், சனிக்கிழமை

கட்டுநாயக்காவில் இறங்கி அதிவேகப் பாதையில் ஏறும்போது பொழுது விடிந்துகொண்டிருந்தது. வலக்கைப் பக்கம் நீர்கொழும்புக் களப்பு. அது முடிந்த கையோடு முத்துராஜவெல சதுப்பு. தண்ணீர் எங்கே முடிகிறது, புல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2013 ஒக்ரோபரில் இந்தப் பாதை திறந்த பிறகு நான்கு தரம் இதால் போயிருக்கிறேன். நான்கு தரமும் தூங்கிக்கொண்டே போனேன். இந்த முறை இதைப் பார்ப்பதற்காகவே வந்தேன்.

காரணத்தைச் சொல்ல வேண்டும். நான் இருப்பது இங்கிலாந்தில், எசெக்ஸ் கரையோரம். மோல்டன் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் பிளாக்வாட்டர் ஆறு கடலோடு சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நடப்பேன். அந்தக் கழிமுகத்தில் நோர்தி என்று ஒரு தீவு. 1991இல் அங்கே ஒரு காரியம் செய்தார்கள். கடலைத் தடுத்து நின்ற மண் கரையில் ஒரு துண்டைத் தாழ்த்தி, ஒரு ஹெக்டேயருக்கும் குறைந்த நிலத்துக்குள் கடலை விட்டார்கள். அந்த நாட்டில் வேண்டுமென்றே இப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. நான்கு வருடம் கழித்துப் பக்கத்து டொல்ஸ்பரியில் 21 ஹெக்டேயர். இன்று அங்கே போனால் காலுக்குக் கீழே உமரிப் பூண்டு. யாழ்ப்பாணத்துக் கடல்நீரேரிக் கரையில் சின்ன வயதில் பிடுங்கி மென்ற அதே உப்புக்கரிப்பு, அதே கண்ணாடி போன்ற சதைப்பற்று. முதல் தடவை கண்டபோது நான் அங்கேயே குந்திவிட்டேன்.

கரையை ஏன் உடைக்க வேண்டும்? கரைக்கு வெளியே உள்ள சேற்று நிலம் ஒவ்வொரு பெருக்கிலும் வண்டலைப் பிடித்து மெல்ல உயர்கிறது. உள்ளே காயவைத்து உழுத நிலமோ இறுகி இறுகித் தாழ்கிறது. கடல் உயர உயர, கரையை இன்னும் உயர்த்த வேண்டும். உயர்த்திய கரைக்கும் கடலுக்கும் நடுவில் அகப்பட்டு அந்தச் சதுப்பு நசுங்கிச் செத்துப்போகும். சதுப்பு செத்தால் அலையின் வேகத்தைக் குறைக்க எதுவும் இல்லை, அலை நேராகக் கரையில் வந்து அடிக்கும். அதனால்தான் சில இடங்களில் பழைய கரையை விட்டுக்கொடுத்து, பின்னால் தள்ளிப் புதுக் கரை கட்டுகிறார்கள். இடையில் உள்ள நிலம் கடலுக்கு.

கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் இறங்கி, பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு இதைச் சொன்னேன். மாமா துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். கேட்டுவிட்டு, பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“கரையை உடைச்சுத் தண்ணியை உள்ளே விடுறதா? பிள்ளை, இதைக் கொண்டுபோய் வெல்லம்பிட்டியில சொல்லிப்போடாதே.”

களனி ஆற்றோரம் அடிக்கடி வெள்ளம் ஏறும் ஊர் அது. நாளை மறுநாள் நான் போகப்போவது வெல்லம்பிட்டிக்குத்தான்.

இரண்டாம் நாள், ஞாயிறு

காலையில் மாமாவோடு நாகலகம் வீதிக்கு நடந்தேன். களனி ஆற்றின் மட்டத்தைக் கொழும்பு பார்ப்பது இங்கேதான். ஊரெல்லாம் மீற்றருக்கு மாறிவிட்டது, இந்த அளவுகோல் மட்டும் இன்னும் அடிக்கணக்கில் பேசுகிறது. 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். மழைநாளில் வானொலி இந்த இலக்கத்தைச் சொல்லும்போது கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், வத்தளை எல்லாம் காது கொடுக்கும். 2016 மே மாதம் 7.65 அடி. 1989இல் 9.2. 1947இல் 12.85. மாமா மூன்றையும் தன் பிள்ளைகளின் பிறந்தநாளைச் சொல்வதுபோலச் சொன்னார். 1947 அவருடைய அப்பா சொன்னது.

நகரத்துக் கால்வாயும் ஆறும் சந்திக்கிற இடத்தில் கதவு இருக்கிறது. ஆறு உயர்ந்தால் கதவைப் பூட்டுவார்கள், இல்லையென்றால் ஆறு நகரத்துக்குள் ஏறிவிடும். சரி, கதவைப் பூட்டியாயிற்று. நகரத்துக்குள் பெய்கிற மழை எங்கே போகும்? அதற்கு இடம் வேண்டும். அந்த இடம்தான் கொலன்னாவை, ஹீன் எல, கோட்டே என்று நகரத்தின் முதுகுப்புறமாகக் கிடக்கும் சதுப்புகள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கொழும்பின் வரைபடமே எனக்கு மாறிவிட்டது. வெறும் பச்சையாகத் தெரிந்தவை எல்லாம் இப்போது தொட்டிகளாகத் தெரிகின்றன.

பின்னேரம் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போனோம். மரப்பலகைப் பாலத்தில் நடக்கும்போது கீழே ஒரு கபரகொய்யா, பெரிய நீர் உடும்பு, அசையாமல் கிடந்தது. மாமி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார், ஏனென்று கேட்கவில்லை. கோட்டே அரசர்கள் 15ஆம் நூற்றாண்டில் இந்தச் சதுப்பை நம்பித்தான் தலைநகரைக் கட்டினார்கள். எதிரி வர முடியாத அகழி அது. இன்றைக்கும் மீன்பிடிப் பூனை இந்த நகரத்துக்குள்ளேயே வாழ்கிறது என்றால் அதற்குக் காரணம் மிச்சமிருக்கும் இந்தச் சேறுதான்.

1968இல் கொழும்பின் தாழ்நிலங்களை நிரப்பி மேடாக்குவதற்கென்றே சட்டம் போட்டு ஒரு சபை அமைத்தார்கள். அதன் வழிவந்த காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம்தான் இப்போது இந்த ஈரநிலங்களைப் பார்த்துக்கொள்கிறது. நடுவில் 2010 நவம்பர் வந்தது. ஒரே இரவில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை. தியவன்னா ஏரி நடுவில் இருக்கிற நாடாளுமன்றமே வெள்ளத்தில் நின்றது. அதற்குப் பிறகுதான் உலக வங்கிக் கடனோடு கால்வாய்களையும் சதுப்புகளையும் சேர்த்துப் பார்க்கும் திட்டம் 2012இல் தொடங்கியது. சதுப்புகள் முழுவதும் போனால் வெள்ளச் சேதம் மட்டும் ஆண்டுதோறும் பெருநகரக் கொழும்பின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 1 சதவீதத்தைத் தின்றுவிடும் என்று அந்தக் காலத்தில் கணக்குப் போட்டார்கள். 2018இல் கொழும்புக்கு, ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. உலகத்தில் அந்த முதல் வரிசையில் 18 நகரங்கள். எனக்கு அதில் உண்மையான பெருமை.

மூன்றாம் நாள், திங்கள்

வெல்லம்பிட்டியில் என் பெரியம்மாவின் மகள் இருக்கிறார். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் போனது இரும்பு அலுமாரிக்கு. கீழிலிருந்து என் தோள் உயரம் வரைக்கும் ஒரு நிறம், அதற்கு மேலே இன்னொரு நிறம். இரண்டுக்கும் நடுவில் பென்சிலால் கோடு கிழித்ததுபோல ஒரு துருக் கோடு.

“அது பதினாறு,” என்றார் அக்கா. பிறகு முழங்காலுக்குக் கிட்ட இன்னொரு கோட்டைக் காட்டினார். “இது போன நவம்பர். டித்வா புயல்.”

துருவை விரலால் தொட்டேன். செதிலாக உரிந்து வந்தது. அலுமாரியை மாற்றலாமே என்று வாய்வரை வந்தது, நல்லவேளை கேட்கவில்லை. கோடுகளுக்கு மேலே உள்ள தட்டில்தான் காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் தாலிக்கொடி எல்லாம் இருக்கின்றன. எந்தத் தட்டு நனையாது என்று தெரிந்த அலுமாரி அது.

அக்கா சொன்னதில் ஒன்று என்னை விடவே இல்லை. 2016இல் தண்ணீர் ஆற்றுப் பக்கமிருந்து வரும் என்று எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அது வந்தது பின்பக்கமாக, கால்வாயால், சமையலறைக் கழிவுக் குழியால், குமிழ் குமிழாக. “சத்தமே இல்லை. பானையில சோறு கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.” பின்வளவுக்கு அங்கால் முன்பு ஒரு சதுப்பு இருந்தது. மழை பெய்தால் தண்ணீர் முதலில் அதற்குள்தான் போகும். பிறகு யாரோ வாங்கினார்கள், இரவிரவாக டிப்பர் வந்தது, ஒரு மழைக்காலத்துக்கும் அடுத்த மழைக்காலத்துக்கும் இடையில் அது எட்டுப் பேர்ச், பத்துப் பேர்ச் துண்டுகளாகிவிட்டது. அக்காவின் முற்றம் இப்போது அந்தக் காணியிலிருந்து இரண்டடி கீழே. தண்ணீருக்கு அந்த இடம் போனது, அதற்குப் பதிலாக அக்காவின் வீடு கிடைத்தது.

வெல்லம்பிட்டிக்குப் பக்கத்தில்தான் மீதொட்டமுல்ல. அதுவும் சதுப்பும் வயலுமாக இருந்த தாழ்நிலம். நகரத்தின் குப்பையை வருடக்கணக்காக அங்கே கொட்டினார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று அந்த மலை வீடுகள் மேல் சரிந்தது. 32 உயிர். அக்கா அன்றைக்குப் பலகாரத் தட்டோடு ஒரு வீட்டுக்குப் போக வெளிக்கிட்டு நின்றவர். அவர் மேற்கொண்டு சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாமா எச்சரித்ததை மீறி, எசெக்ஸ் கதையை அக்காவிடம் சொன்னேன். ஆனால் முழுதாகச் சொன்னேன். அதே எசெக்ஸில் கான்வி என்றொரு தீவு இருக்கிறது. 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கி இங்கிலாந்தில் 307 பேர் இறந்தார்கள், கான்வியில் மட்டும் 58 பேர். அங்கே கரையை யாரும் உடைக்கவில்லை. உயர்த்திக் கட்டினார்கள். ஏனென்றால் கரைக்குப் பின்னால் வீடுகள். நோர்தியிலும் டொல்ஸ்பரியிலும் கரைக்குப் பின்னால் இருந்தது வயல். தென்கரையில் மெட்மெரி என்ற இடத்தில் 2013இல் கடலை உள்ளே விட்டபோது, முதலில் 7 கிலோமீற்றர் புதுக் கரையைப் பின்னால் கட்டி முடித்தார்கள். 2.8 கோடிப் பவுண் செலவு. அந்தக் கரைக்குப் பின்னால் 348 வீடுகள் முன்பைவிடப் பாதுகாப்பாக இருக்கின்றன. அதற்குப் பிறகுதான் பழைய கரையை வெட்டினார்கள்.

“அப்ப முதல்ல பின்னால கட்டிட்டுத்தான் முன்னால வெட்டினவங்க,” என்றார் அக்கா.

“ஓம் அக்கா.”

“இங்கே எங்களை எழும்பச் சொல்லி எத்தனை பேர் கடதாசியோட வந்திருக்கிறாங்க தெரியுமா? எழும்ப மாட்டேன்னு நான் சொல்லலை. பிள்ளையின்ர பள்ளிக்கூடம், இவரின்ர வேலை, ரெண்டும் நடந்து போற தூரத்தில வீடு தந்தா நாளைக்கே எழும்புவேன். அதைக் கையில தந்துட்டுத் தண்ணியை விடட்டும்.”

என் பையில் வருடக்கணக்காகச் சேர்த்த அறிக்கைகள் இருந்தன. இவ்வளவு தெளிவான வரிசை எனக்கு எதிலும் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது இரவு பதினொன்று. கொட்டாஞ்சேனையில் இலேசாக மழை. அக்காவுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். “இங்கே இல்லை, தூங்கு” என்று பதில் வந்தது.

நான்காம் நாள், செவ்வாய்

முத்துராஜவெல. பமுணுகமப் பக்கமாகப் போய் ஹமில்டன் கால்வாயில் படகு எடுத்தோம். படகோட்டிக்கு அறுபது வயதிருக்கும், நீர்கொழும்புக்காரர், சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் கலந்து பேசுவார். கால்வாய் 1802க்கும் 1804க்கும் இடையில் ஆங்கிலேயர் வெட்டியது. அதற்கு முந்திய ஒல்லாந்தர் கால்வாய் கிழக்கே இருக்கிறது. இந்தச் சதுப்பு ஒரு காலத்தில் அரசனின் நெல்வயல். கடல்நீர் ஏறி, உப்புப் பட்டு, விளைச்சல் போய், கைவிட்ட நிலம். அப்படிப் பார்த்தால் இங்கே கடல் யாரும் திட்டம் போடாமலே உள்ளே வந்துவிட்டது. வயல் போனது. அதற்குப் பதிலாக என்ன கிடைத்தது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2003இல் ஐயூசிஎன் என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு செய்தது. மழைவெள்ளக் காலத்தில் இந்தச் சதுப்பு 1 கோடியே 10 இலட்சம் கன மீற்றர் தண்ணீரைப் பிடித்து, பத்து நாளுக்கு மேல் வைத்திருந்து, மெல்ல மெல்லக் கடலுக்கு விடுகிறது. சதுப்பு மட்டும் 3,000 ஹெக்டேயருக்குக் கொஞ்சம் கூட. வடக்குப் பகுதி 1996 முதல் சரணாலயம்.

களப்பை நெருங்க நெருங்கத் தாவரம் மாறுவதைக் கவனித்தேன். தெற்கே நன்னீர்ப் புல்லும் நாணலும். வடக்கே போகப் போகக் கிரல மரம், பிறகு கண்டல், உப்புச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம். படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். அந்த அமைதியில் சேற்றில் டிக், டிக் என்று நண்டு வளைக்குள் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு கண்டல் விதை நீரில் நிமிர்ந்தபடி மிதந்துவந்தது. ஒரு சாண் நீளம், முருங்கைக்காயைவிடத் தடிப்பு, நுனி கூர். தாய் மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடும். விழுந்து மிதந்து, தனக்கு ஏற்ற ஆழத்தில் தட்டினால் நின்றுவிடும். கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டேன்.

கொஞ்சம் தள்ளி, வரிசை வரிசையாகக் குச்சி நட்ட ஒரு கரை. குச்சிகள் இருந்தன, கன்றுகள் இல்லை. “நட்டுப் படம் எடுத்துட்டுப் போனாங்க. வத்துக்கும் இந்த இடத்தில தண்ணி நிக்கும். மூச்சு விட ஏலாது, செத்துப்போச்சு,” என்றார் படகோட்டி.

அவர் சொன்னது இந்த ஒரு கரையோடு முடிகிற கதை அல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாடு முழுவதும் ஓடி ஓடிக் கண்டல் நட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் 23 இடங்களை எடுத்துப் பார்த்தபோது, நட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் தப்பியது ஏறத்தாழ 200 ஹெக்டேயர்தான். 9 இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை. மனம் இருந்தது, உழைப்பு இருந்தது. தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பார்க்காமல் நட்டதுதான் பிழை. இதே நாட்டில் அதற்கு நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. புத்தளம் மாவட்டம் ஆனவிழுந்தாவையில் கைவிட்ட இறால் பண்ணைகளை மறுபடி கண்டல் காடாக்குகிறார்கள். இறால் குளத்தின் வரம்புதான் வற்றுப்பெருக்கைத் தடுப்பது, அதனால் கன்றுக்கு முன்னால் தண்ணீரின் வழியைச் சரிசெய்தாக வேண்டும். எசெக்ஸில் கரையை வெட்டிய வேலையும் இதுவும் ஒரே வேலை. இலங்கையின் கண்டல் மீட்பை 2024 பெப்ரவரியில் ஐ.நா. உலகுக்கு முன்மாதிரியாக அறிவித்தது இப்படிச் செய்ததால்தான் என்று நினைக்கிறேன்.

நெய்தல் பாட்டுகளில் கண்டல் வேலி என்று ஒரு சொல் வரும். கண்டலையே வேலியாக உடைய ஊர். வேலியை வீட்டுக்காரன் கண்ட இடத்தில் போட முடியாது, எல்லை எதுவோ அங்கேதான் போட வேண்டும். இங்கே எல்லையைக் குறிப்பது தண்ணீர்.

திரும்பும் வழியில், கால்வாயின் ஒரு வளைவில், சிவப்பு மண் குவியல் ஒன்று சதுப்பின் விளிம்பில் புதிதாகக் கிடந்தது. படகோட்டி அந்தப் பக்கம் பார்க்காமலே போனார். இந்தத் தரை பல ஆயிரம் வருடத்து உக்கிய புல். பஞ்சு மாதிரி. மேலே மண் போட்டால் அமுங்கும், கட்டிய வீடு சாயும், அந்த வீட்டைக் காக்க இன்னொரு கரை கேட்பார்கள்.

ஐந்தாம் நாள், புதன்

கடைசி நாள் எங்கும் தூரமாகப் போகவில்லை. முகத்துவாரம், காக்கைதீவு. களனி கடலில் விழும் இடம். முகத்துவாரம் என்ற பெயரிலேயே ஆற்றின் வாய் இருக்கிறது. இத்தனை வருடம் அதை ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயராகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலையிலேயே ஆற்றோரச் சேற்றில் ஒரு கம்பை நட்டு, தண்ணீர் தொட்ட இடத்தில் மாமியின் தலைமயிர் ரப்பரை மாட்டினேன். வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பையன் என்னவென்று கேட்டான். சொன்னேன். பிறகு மாமாவும் நானும் திண்ணையில் இருந்து கதைத்தோம், மீன் வாங்கினோம், ஒரு பிளேன்டீ குடித்தோம். மத்தியானத்துக்குப் பிறகு திரும்பிப் போனபோது பையன் ஓடிவந்து, “அக்கா, ஏறி முடிஞ்சுது, இனி இறங்கும்” என்றான். ரப்பருக்கு மேலே தண்ணீர் எவ்வளவு என்று கையால் அளந்தேன். இரண்டு சாணுக்குக் குறைவு.

எசெக்ஸில் பெருக்கு வந்தால் என்னைவிட இரண்டு மடங்கு உயரம் ஏறும். கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் நடுவில் இவ்வளவுதான், கூடிப்போனால் அரை மீற்றர் சொச்சம். கண்டல், நண்டு, இறால் குஞ்சு, உப்பும் நன்னீரும் கலக்கும் அந்த வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு சாணுக்குள் நடக்கிறது. அங்கே நிலத்தை மேடாக்க இலட்சக்கணக்கில் தொன் மண் வேண்டும். இங்கே இரண்டடி போதும். ஒரு டிப்பர், ஒரு இரவு. அதனால்தான் கொழும்பில் முதல் வேலை எந்தக் கரையையும் உடைப்பது அல்ல என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். இனி ஒரு கூடை மண்கூடச் சதுப்பில் விழக்கூடாது. அடைத்த மதகுகளைத் திறக்க வேண்டும். ஆள் குடியேறாத நிரப்பிய காணிகளில் போட்ட மண்ணைத் திரும்ப அள்ள வேண்டும். ஆள் இருக்கிற இடத்தில், அக்கா சொன்ன வரிசை.

பொழுது சாயும் நேரம் மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. கைபேசியை வாங்கி, நான் முதல் நாள் காட்டிய நோர்திப் படத்தை மறுபடி திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தார்.

“இதுக்குள்ள வீடு ஒண்டும் இல்லையே?”

“இல்லை மாமா. வயல்தான்.”

“வடிவாப் பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“சரி,” என்று கைபேசியைத் தந்துவிட்டுக் கம்பைப் பார்த்தார். ரப்பரின் மேல் விளிம்பு வெளியே தெரியத் தொடங்கியிருந்தது.